வீட்டு கம்ப்யூட்டர் அடிக்கடி க்ராஷ் ஆனால்: ஒரு ராம், ஒரு எஸ்எம்பிஎஸ், ஒரு போர் மோட்டார்

எங்கள் வீட்டு டெஸ்க்டாப் நினைத்த நேரத்துக்கு அணைந்துபோக ஆரம்பித்தபோது கடையில் முதலில் சொன்னது, "ஃபார்மட் போட்டுடலாங்க". ஃபார்மட் போட்டும் நிற்கவில்லை. அடுத்து சொன்னது, "போர்டு போயிடுச்சுங்க, இதுக்குச் செலவு பண்றதுக்குப் பதிலா புதுசாவே எடுத்துடுங்க". கடைசியில் கெட்டிருந்தது ஒரு ராம் ஸ்டிக்கும் (மெமரிப் பட்டை) எஸ்எம்பிஎஸ்ஸும்தான் (சுவர்க் கரண்ட்டை மாற்றி உள்ளே இருக்கிற பாகங்களுக்குக் கொடுக்கிற டப்பா), கூடவே வீட்டு வயரிங்கில் ஒரு கோளாறு. மதர்போர்டு இன்றைக்கும் அதே போர்டுதான், நன்றாக ஓடுகிறது. அங்கே போய்ச் சேர்ந்த வழியை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது, ஏனென்றால் இதே தொல்லையில் இருக்கிற நிறைய பேர் ஆதாரமே இல்லாமல் ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பணத்தை இழக்கிறார்கள்.

நாங்கள் இருப்பது கரூரில். மனைவி வீட்டிலிருந்தே சில கடைகளுக்கும் ஜவுளி யூனிட்களுக்கும் டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில் கணக்கு எழுதுகிறார். அதே மெஷினில் மகனின் வீடியோ எடிட்டிங், கேம் எல்லாம். 2019 கடைசியில் அசெம்பிள் பண்ணியது: ரைசன் 5 3600 ப்ராசஸர், பி450 போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 ராம் இரண்டு, ஜிடிஎக்ஸ் 1660 கிராபிக்ஸ் கார்டு, ஒரு எஸ்எஸ்டி, ஒரு 1 டிபி ஹார்ட் டிஸ்க், கேபினெட்டோடு சேர்ந்து வந்த 450 வாட் எஸ்எம்பிஎஸ். மாதாமாதம் 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி 3பி என்று ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் ஓடுகிற வீட்டில் 19ஆம் தேதி ராத்திரி கம்ப்யூட்டர் விழுந்தால் அதைச் சின்ன எரிச்சல் என்று விட முடியாது. மற்றவர்கள் நம்பி ஒப்படைத்த கணக்கு அதில் இருக்கிறது, டேலி திறந்திருக்கும்போது மெஷின் பட்டென்று அணைந்தால் கம்பெனி டேட்டாவே கெட்டுப்போகலாம்.

அதனால் எதைத் தொடுவதற்கும் முன்னால் பேக்கப். டேலி டேட்டா ஃபோல்டர், போட்டோக்கள், மகனின் ப்ராஜெக்ட்கள் எல்லாம் ஒரு வெளி டிஸ்கில் ஏற்றி, அந்த டிஸ்கைக் கழற்றி பீரோவில் வைத்தோம். காரணம் எளிது. இனிமேல் செய்யப்போகிற சோதனைகள் எல்லாமே மெஷினை வேண்டுமென்றே விழவைக்கிற சோதனைகள், ஒவ்வொரு முறை விழும்போதும் எழுதிக்கொண்டிருக்கிற ஃபைல் கெடலாம். இன்னொன்று, ராம் கெட்டிருந்தால் காப்பி ஆகிற ஃபைலிலேயே பிழை புகுந்துவிடும். எனவே பேக்கப் எடுத்த கையோடு அதை வேறு ஒரு லேப்டாப்பில் சொருகி, டேலி கம்பெனி திறக்கிறதா, போட்டோ பாதியில் சாம்பல் நிறமாக இருக்கிறதா என்று திறந்து பார்த்துவிடுங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று கணக்கில் எடுப்பதில்லை.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். "க்ராஷ் ஆகுது" என்று வீட்டில் எல்லோரும் ஒரே வார்த்தையில் சொல்வதில் மூன்று வேறு வேறு சம்பவங்கள் கலந்திருக்கும். நீலத்திரையோ கறுப்புத்திரையோ வந்து (2025இல் விண்டோஸ் 11இல் அது கறுப்பாக மாறிவிட்டது) கீழே ஒரு குறியீடு காட்டிவிட்டு ரீஸ்டார்ட் ஆவது ஒன்று. எந்தத் திரையும் வராமல், கரண்ட் போனதுபோல் பட்டென்று அணைந்து தானே திரும்ப ஆன் ஆவது ஒன்று. படம் அப்படியே உறைந்து, பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் "டர்ர்ர்" என்று ஒரே சத்தத்தில் நின்று, பவர் பட்டனை அமுக்கிப் பிடித்தால்தான் வழி என்று இருப்பது ஒன்று. முதலாவதில் விண்டோஸுக்கு ஏதோ தப்பு நடந்தது என்று தெரிந்திருக்கிறது, தெரிந்துதான் தன்னை நிறுத்திக்கொண்டது. இரண்டாவதில் விண்டோஸுக்கு எதுவுமே தெரியாது, கீழே இருந்த மின்சாரம் போய்விட்டது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்த மாதிரி. எங்கள் வீட்டில் முதலாவதும் இரண்டாவதும் மாறி மாறி வந்தன, கடைக்காரர் குழம்பியதற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். இரண்டு பாகங்கள் ஒரே சமயத்தில் கெட்டிருந்தால், ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்து "இன்னும் விழுது, அப்ப இது இல்லை" என்று நல்ல விடையையும் ஒதுக்கிவிட நேரும்.

மனைவி ஒரு பழைய டைரியை மானிட்டர் பக்கத்திலேயே வைத்துவிட்டார். தேதி, மணி, என்ன ஓடிக்கொண்டிருந்தது, எந்த மாதிரி விழுந்தது, அந்த நேரத்தில் வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று ஐந்து கட்டங்கள். கடைசிக் கட்டம் அவருடைய யோசனை. கணக்கு எழுதுகிறவர்கள் எழுதுகிற நேர்த்தியே தனி, நடந்த உடனே எழுதிவிடுவார், ஞாபகத்தில் வைத்து சாயங்காலம் எழுதமாட்டார். பிற்பாடு மொத்த விஷயத்தையும் திறந்துவிட்டது அந்தக் கடைசிக் கட்டம்தான்.

அடுத்தது விண்டோஸே எழுதிவைத்திருக்கிற குறிப்புகள். முதலில் ஒரு செட்டிங்கை மாற்ற வேண்டும்: ஸ்டார்ட்டில் "அட்வான்ஸ்ட் சிஸ்டம் செட்டிங்ஸ்" என்று தேடி, அதில் ஸ்டார்ட்அப் அண்ட் ரிகவரி பகுதிக்குப் போய், "ஆட்டோமேட்டிகலி ரீஸ்டார்ட்" என்பதில் இருக்கிற டிக்கை எடுத்துவிடுங்கள். எடுத்தால் நீலத்திரை வரும்போது அது அப்படியே நிற்கும், போனில் போட்டோ எடுக்கலாம். இதைச் செய்த பிறகும் மெஷின் தானாக ரீஸ்டார்ட் ஆனால், அங்கே நீலத்திரைக்கே நேரம் கிடைக்கவில்லை என்று அர்த்தம், அதாவது இரண்டாவது வகை.

அப்புறம் ஸ்டார்ட்டில் "ரிலையபிலிட்டி" என்று அடித்தால் ரிலையபிலிட்டி ஹிஸ்டரி என்று ஒன்று வரும். விண்டோஸில் இருக்கிற மிக உபயோகமான, யாருமே திறக்காத பக்கம் இதுதான் என்பேன். நாள் வாரியாக ஒரு கோடு, 1 முதல் 10 வரை மதிப்பெண், விழுந்த நாளில் சிவப்புப் பெருக்கல் குறி. எந்த நாளிலிருந்து கோடு சரிய ஆரம்பித்தது, அந்த நாளில் ஏதாவது அப்டேட்டோ டிரைவரோ (ஒரு பாகத்தை விண்டோஸோடு பேசவைக்கிற சாஃப்ட்வேர்) ஏறியதா என்று ஒரே பார்வையில் தெரியும். எங்களுக்கு அப்படி எந்த நாளும் கிடைக்கவில்லை, கோடு மெதுவாகச் சரிந்திருந்தது. அதைப் பார்த்ததுமே இது சாஃப்ட்வேர் இல்லை என்ற சந்தேகம் எனக்கு வந்துவிட்டது.

அதற்கடுத்து ஈவென்ட் வியூவர். விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். அங்கே கெர்னல்-பவர் 41 என்று சிவப்பாக ஒன்று இருக்கும், நெட்டில் தேடினால் ஆயிரம் பேர் ஆயிரம் மருந்து சொல்வார்கள். உண்மையில் 41 என்பது எந்த நோயையும் சொல்வதில்லை. "போன தடவை முறையாக ஷட்டவுன் ஆகாமல் நின்றுவிட்டேன்" என்று மெஷின் மறுபடி ஆன் ஆனதும் எழுதுகிற குறிப்பு அது, அவ்வளவுதான். அதைத் திறந்து டீடெய்ல்ஸ் பக்கத்தில் பக்செக்கோட் என்ற வரியைப் பாருங்கள். அங்கே 0 இருந்தால் நீலத்திரை எதுவும் பதிவாகவில்லை: மின்சாரம் அறுந்தது, அல்லது உறைந்துபோய் நீங்களே பட்டனை அமுக்கினீர்கள். வேறு எண் இருந்தால் அதுதான் நீலத்திரையின் குறியீடு, ஆனால் பத்தின் அடிப்படையில் எழுதியிருப்பார்கள், தேடுவதற்கு முன் பதினாறின் அடிப்படைக்கு மாற்ற வேண்டும், விண்டோஸ் கால்குலேட்டரில் ப்ரோகிராமர் மோடு அதைச் செய்யும். 26 என்றால் 1ஏ, மெமரி மேனேஜ்மென்ட். 80 என்றால் 50, பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்ட் ஏரியா. 122 என்றால் 7ஏ, டிஸ்கிலிருந்து படிக்க முடியாதபோது பெரும்பாலும் வருவது. 278 என்றால் 116, கிராபிக்ஸ் கார்டு அல்லது அதன் டிரைவர் பதில் சொல்லாமல் போனது. 292 என்றால் 124, ஹார்ட்வேரே நேரடியாகப் பிழை சொன்னது.

எங்களுடையதில் கொஞ்சம் பழைய பதிவுகளைப் பார்த்துக்கொண்டே போனால் 26, 80, 10 என்று விதவிதமாக இருந்தது, நடுநடுவே 0. ஒரே ஒரு குறியீட்டைப் பிடித்துக்கொண்டு அதற்கு மருந்து தேடுவது வீண். எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே குறியீடு, அதே டிரைவர் பெயர் என்றால் அந்த டிரைவர்தான் ஆள். 2024 ஜூலை 19இல் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலத்திரையில் விழுந்து, நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்களே, அது அந்த ரகம்: க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு சாஃப்ட்வேர் நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான அப்டேட் ஃபைல், எல்லா மெஷினிலும் ஒரே இடத்தில் அடி. சேஃப் மோடில் போய் அந்த ஃபைலை அழித்ததும் மெஷின் எழுந்தது. ஆனால் ஒரு நாள் ஒரு குறியீடு, மறுநாள் இன்னொன்று, இன்று பிரவுசர், நாளை டேலி, நாளை மறுநாள் ஒன்றுமே ஓடாதபோது என்று மாறிக்கொண்டே இருந்தால், எல்லாவற்றுக்கும் பொதுவாகக் கீழே இருக்கிற ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது. முதல் சந்தேகம் ராம்.

சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்று ஒரு ஃபோல்டர் உண்டு, ஒவ்வொரு நீலத்திரைக்கும் ஒரு சின்ன ஃபைல் விழும். ப்ளூஸ்க்ரீன்வியூ என்ற சின்ன இலவசக் கருவியில் திறக்கலாம், ஆழமாகப் பார்க்க மைக்ரோசாஃப்டின் வின்டிபக் இருக்கிறது. அதில் குற்றவாளி இடத்தில் என்டிஓஎஸ்கெர்னல் என்று வந்தால் "விண்டோஸ் கெட்டுவிட்டது" என்று முடிவு கட்டாதீர்கள். அது விண்டோஸின் மையப்பகுதி, எந்தக் கோளாறானாலும் பெரும்பாலும் விழுகிற இடம் அதுவாகத்தான் இருக்கும்.

ராம் சோதனைக்கு நான் நம்புவது மெம்டெஸ்ட்86 ப்ளஸ். இலவசம், பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்தே பூட் செய்ய வேண்டும், விண்டோஸே ஏறாது, அதனால் ராம் கிட்டத்தட்ட முழுவதும் சோதனைக்குக் கிடைக்கும். விண்டோஸோடு வருகிற மெமரி டயக்னாஸ்டிக்கும் உண்டு, அது பிழை காட்டினால் நம்பலாம், ஒன்றும் இல்லை என்று சொன்னால் முழுசாக நம்ப முடியாது. ராத்திரி படுக்கப்போகும்போது ஓடவிட்டோம். காலையில் திரை முழுக்கச் சிவப்பு வரிகள். ஒரு பிழைகூட இருக்கக் கூடாது என்பது இங்கே விதி, "ரெண்டு மூணுதானே" என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் சிவப்பு வந்த உடனே ராமை வாங்க ஓடாதீர்கள். 3200 என்று வேகம் எழுதியிருக்கிற ராம்களில் நிறைய, அந்த வேகத்தில் தானாக ஓடுவதில்லை. பயாஸில் (விண்டோஸ் ஏறும் முன் திறக்கிற, போர்டின் சொந்த செட்டிங்ஸ் பக்கம்) எக்ஸ்எம்பி என்ற அமைப்பை ஆன் செய்தால்தான் ஓடும், ஆன் செய்தால் மின்னழுத்தமும் 1.2 வோல்ட்டிலிருந்து 1.35க்கு ஏறும். முதலில் எக்ஸ்எம்பியை ஆஃப் செய்து திரும்பச் சோதித்தோம். பிழை அப்படியே. பிறகு ராமைக் கழற்றி, தங்கநிறக் காண்டாக்ட்களை ஒரு மெல்லிய அழிப்பானால் லேசாகத் தேய்த்துத் துடைத்துச் சொருகினோம், இது நம் ஊர் ஈரத்துக்கும் தூசிக்கும் பல இடங்களில் வேலை செய்கிற வைத்தியம். (கழற்றும் முன் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒரு தடவை அமுக்கி, கேபினெட்டின் இரும்பைத் தொட்டு உடம்பில் இருக்கிற ஸ்டாட்டிக்கை இறக்கிக்கொள்ளுங்கள்.) அப்போதும் பிழை. அப்புறம் ஒவ்வொரு ஸ்டிக்காகத் தனியாகப் போட்டுப் பார்த்ததில் ஒன்று சுத்தம், மற்றொன்றில் சிவப்பு. இங்கேதான் இன்னும் ஒரு படி தேவை: கெட்ட ஸ்டிக்கை மற்ற ஸ்லாட்டிலும், நல்ல ஸ்டிக்கைக் கெட்டது இருந்த ஸ்லாட்டிலும் போட்டுப் பார்க்க வேண்டும். பிழை ஸ்டிக்கோடு நகர்ந்தால் ஸ்டிக் கெட்டது, ஸ்லாட்டோடு தங்கிவிட்டால் போர்டு கெட்டது. எங்களுக்கு ஸ்டிக்கோடு நகர்ந்தது. "போர்டு போயிடுச்சு" என்ற தீர்ப்பு அன்றைக்கே அடிபட்டுப் போனது.

ராம் கெடுவதெல்லாம் அபூர்வம் என்று பலர் நினைக்கிறார்கள். கூகுள் தன் சர்வர்களில் இரண்டரை ஆண்டுகள் கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்டுக்கு 8 சதவீதத்துக்கும் அதிகமான ராம் மாட்யூல்களில் பிழை பதிவானது என்று இருக்கிறது, அதுவும் தற்செயலாக எப்போதாவது பிட் புரண்டதைவிட, ஹார்ட்வேர் பழுதால் திரும்பத் திரும்ப வருகிற பிழைகளே அதிகம் என்று. சர்வர்களில் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்துகிற இசிசி ராம் இருக்கிறது, அதனால்தான் அவர்களால் எண்ணவே முடிந்தது. நம் வீட்டு மெஷின்களில் அது கிடையாது, பிழை வந்தால் அமைதியாக ஏதோ ஒரு ஃபைலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஃபார்மட் பற்றி எனக்குக் கோபம் வருவது இதனால்தான். கெட்ட ராமை வைத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றினால், ஏறுகிற ஃபைல்களே பிழையோடு ஏற வாய்ப்பு இருக்கிறது. புது விண்டோஸ் முதல் நாளிலிருந்தே நோஞ்சானாக இருக்கும், வாடிக்கையாளர் "ஃபார்மட் போட்டும் சரியாகலையே, அப்ப போர்டுதான்" என்று தானாகவே அடுத்த செலவுக்குத் தயாராகிவிடுவார். ஹார்ட்வேரைச் சோதித்துவிட்டு ஃபார்மட் போடுங்கள், அந்த வரிசை மாறவே கூடாது. எங்கள் கெட்ட ஸ்டிக்குக்கு வாரண்ட்டி இருந்தது. ராமுக்குப் பல நிறுவனங்கள் நீண்டகால வாரண்ட்டி கொடுக்கின்றன, கடைக்காரர்கள் அதைச் சொல்வதில்லை, நீங்கள்தான் ஸ்டிக்கரில் இருக்கிற சீரியல் நம்பரையும் பழைய பில்லையும் எடுத்துக்கொண்டு கேட்க வேண்டும். அதுவரை நல்ல ஸ்டிக் ஒன்றை மட்டும் வைத்து ஓட்டிக்கொண்டு, டிஸ்ம் ரெஸ்டோர்ஹெல்த், அதற்குப் பிறகு எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் என்று விண்டோஸ் ஃபைல்களைச் சரிபார்த்துத் திருத்துகிற இரண்டு கட்டளைகளையும் அந்த வரிசையில் ஓடவிட்டோம். கெட்டிருந்த சிஸ்டம் ஃபைல்கள் சில சரியாயின. நீலத்திரை அதோடு நின்றது.

பட்டென்று அணைகிறது மட்டும் நிற்கவில்லை.

மகன் வீடியோ எக்ஸ்போர்ட் போடும்போது, கேம் ஆரம்பிக்கும்போது, சில சமயம் மனைவி சும்மா டேலியில் என்ட்ரி போடும்போதுகூட. எல்லாமே பக்செக்கோட் 0. டைரியை எடுத்து உட்கார்ந்தபோதுதான் கடைசிக் கட்டம் பேசியது. கேமோ எக்ஸ்போர்ட்டோ இல்லாத நேரங்களில் அணைந்ததில் பெரும்பாலானவற்றுக்கு எதிரே மனைவியின் கையெழுத்தில் "மோட்டார்" என்று இருந்தது. காலையிலும் சாயங்காலமும் மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற போர் மோட்டார் போடுகிற நேரம்.

முதலில் எஸ்எம்பிஎஸ்ஸைப் பார்த்தோம். சிபியுவை மட்டும் முழு வேகத்தில் ஓடவிடுகிற ப்ரைம்95, தாங்கியது. கிராபிக்ஸ் கார்டை மட்டும் ஓடவிடுகிற ஃபர்மார்க், தாங்கியது. இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டதும் பட்டென்று அணைந்தது. தனித்தனியே நன்றாக இருந்து, சேர்ந்தால் விழுந்தால் பெரும்பாலும் அந்த இரண்டு பாகமும் குற்றவாளி இல்லை, இரண்டுக்கும் சோறு போடுகிற எஸ்எம்பிஎஸ்தான் குற்றவாளி. மல்டிமீட்டர் இருந்தால் ஹார்ட் டிஸ்குக்குப் போகிற பழைய பெரிய நாலு பின் கனெக்டரில் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவே 12 வோல்ட், சிவப்புக்கும் கறுப்புக்கும் 5 வோல்ட் பார்க்கலாம். 5 சதவீதம் கூடக்குறைய இருக்கலாம், அதாவது 11.4 முதல் 12.6, 4.75 முதல் 5.25. ஆனால் மீட்டரில் சரியாகக் காட்டினாலும் எஸ்எம்பிஎஸ் நல்லது என்று ஆகிவிடாது, கண நேரச் சரிவை மீட்டர் காட்டாது. பச்சை வயரையும் கறுப்பு வயரையும் ஒரு பின்னை வைத்து இணைத்து ஃபேன் சுற்றுகிறதா என்று கடைகளில் பார்ப்பார்கள், அது ஆன் ஆகிறது என்பதை மட்டும்தான் சொல்லும், சுமை தாங்குமா என்று சொல்லாது. நம்பகமான ஒரே வழி, நன்றாக ஓடுகிற இன்னொரு எஸ்எம்பிஎஸ்ஸைப் போட்டுப் பார்ப்பது. மச்சான் வீட்டு மெஷினிலிருந்து கடன் வாங்கிப் போட்டோம், இரண்டு சோதனையும் சேர்ந்து நின்று ஓடியது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: எஸ்எம்பிஎஸ் டப்பாவைத் திறக்காதீர்கள், தூசி தட்டக்கூடத் திறக்காதீர்கள். உள்ளே இருக்கிற பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் டிசி இருக்கும், ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். உயிர் போகிற விஷயம்.

மோட்டார் கதைக்குக் காரணமும் அந்தக் கெப்பாசிட்டர்தான். சுவரிலிருந்து வருகிற கரண்ட் ஒரு கணம் தடுமாறினாலும், அதில் சேர்ந்திருக்கிற மின்னூட்டத்தை வைத்து ஒரு நல்ல எஸ்எம்பிஎஸ் முழுச் சுமையிலேயே சுமார் 16 மில்லிசெகண்ட் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது நியதி. நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் கரண்ட்டில் ஒரு சுற்று 20 மில்லிசெகண்ட், ஆக கிட்டத்தட்ட ஒரு சுற்று நேரம். வருடக்கணக்கில் கரூர் வெயிலில் வெந்து கெப்பாசிட்டர் காய்ந்துபோனால் அந்த நேரம் குறைந்துகொண்டே வரும். மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது ஓடுகிறபோது இழுப்பதைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும், வோல்டேஜ் சரியும், நல்ல எஸ்எம்பிஎஸ் அதைத் தாண்டிவிடும், காய்ந்தது தாண்டாது.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வந்து, மோட்டார் போடும்போது கம்ப்யூட்டர் சாக்கெட்டில் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொன்னோம். "அண்ணா, இங்க பாருங்க, நூத்தி எழுபதுக்கு வருது" என்றார். 230 இருக்க வேண்டிய இடம். மோட்டாரும் கம்ப்யூட்டர் அறையும் ஒரே ஃபேஸில் இருந்தன, எங்களுக்கு மூன்று ஃபேஸ் சர்வீஸ் என்பதால் அறையை வேறு ஃபேஸுக்கு மாற்றிக் கொடுத்தார். வீட்டு இன்வெர்ட்டரையும் பார்த்தார், பின்னால் இருக்கிற ஸ்விட்ச் சாதாரண மோடில் இருந்தது. பெரும்பாலான வீட்டு இன்வெர்ட்டர்களில் யூபிஎஸ் மோடு என்று ஒன்று உண்டு. அதில் போட்டால் வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தாலே பேட்டரிக்கு மாறிவிடும், மாறுகிற நேரமும் குறைவு. சாதாரண மோடில் மிகவும் குறைந்த வோல்டேஜைக்கூட அப்படியே உள்ளே விடும், மாறவும் நேரம் எடுக்கும், ஃபேனுக்கும் லைட்டுக்கும் அது போதும், கம்ப்யூட்டருக்குப் போதாது. கரண்ட் போகும்போதெல்லாம் உங்கள் மெஷின் மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறதென்றால் முதலில் அந்த ஸ்விட்ச்சைப் போய்ப் பாருங்கள், காசே செலவில்லை.

கேபினெட்டைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்று இருக்கும் என்று மகன் முன்பிருந்தே சொல்லிக்கொண்டிருந்தான். எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே இருக்கிற ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் கொஞ்சம் கரண்ட்டை எர்த்துக்கு அனுப்பும்படிதான் அமைப்பே. எர்த் இல்லாவிட்டால் அது கேபினெட்டில் நின்றுவிடும், டெஸ்டர் வைத்தால் எரியும். சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தால் மூன்றாவது பின்னுக்கு வயரே வரவில்லை, ஓட்டை மட்டும் இருந்தது. நம் வீடுகளில் இது எவ்வளவு சாதாரணம் என்பது எலக்ட்ரீஷியன்களுக்குத் தெரியும். க்ராஷுக்கு இது காரணமில்லை, ஆனால் மெஷினுக்குள் உண்மையான லீக்கேஜ் வந்திருந்தால் காப்பாற்ற எதுவுமே இருந்திருக்காது. எர்த் இழுத்தார், எர்த் குழியில் கோடையில் தண்ணீர் ஊற்றச் சொன்னார்.

சூடு, டிஸ்க் இரண்டையும் இடையிலேயே பார்த்துவிட்டோம், அதில் பெரிதாக எதுவும் இல்லை. தறி ஓடுகிற பகுதியில் ஹீட்சிங்க் இடுக்கெல்லாம் பஞ்சு அடைந்திருக்கும், ப்ளோயரால் ஊதும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். ஹெச்டபிள்யூஇன்ஃபோ போட்டு சிபியு வெப்பத்தைப் பாருங்கள், எங்கள் ரைசன் 3600க்கு உச்சம் 95 டிகிரி. சூடு ஏறினால் ப்ராசஸர் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அணைவது கடைசிக் கட்டம், ஆகவே மெஷின் மந்தமாகாமல் பட்டென்று அணைந்தால் சூட்டின் மேல் சந்தேகம் குறைவு. டிஸ்குக்கு க்ரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ. ரீஅலோகேட்டட் செக்டர், பென்டிங் செக்டர் எண்கள் (டிஸ்கில் கெட்ட, சந்தேகமான இடங்களின் எண்ணிக்கை) ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்கை நம்பாதீர்கள், செக்டிஸ்க் போட்டு அதைப் பாடுபடுத்துவதற்கு முன் டேட்டாவை வெளியே எடுங்கள். சிஆர்சி எரர் மட்டும் ஏறினால் டிஸ்கைவிட, அதைப் போர்டோடு இணைக்கிற சாட்டா கேபிளின் மேல்தான் சந்தேகம், கேபிளை மாற்றிப் பாருங்கள்.

தேடும்போது கண்ணில் படுகிற டிரைவர் அப்டேட்டர், ரெஜிஸ்ட்ரி க்ளீனர் வகையறாக்களை ஏற்றாதீர்கள், ஏற்கெனவே கலங்கிய தண்ணீரில் இன்னும் மண் போடுவதுதான். பிரவுசரில் நீலத்திரை மாதிரி ஒன்று வந்து "இந்த நம்பருக்குப் போன் பண்ணுங்கள்" என்றால் அது மோசடி. உண்மையான விண்டோஸ் பிழைத்திரையில் போன் நம்பர் வரவே வராது. வீட்டில் பெரியவர்கள் தனியாக மெஷின் பார்க்கிறார்கள் என்றால் இந்த ஒன்றை மட்டும் முதலில் சொல்லிக் கொடுங்கள்.

செலவு என்று பார்த்தால், நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ் நாலாயிரம் ரூபாய்க்குள், எலக்ட்ரீஷியன் கூலி, ராமுக்குக் கொரியர். புது மெஷினுக்குச் சொன்ன விலை நாற்பதாயிரத்துக்கு மேல். எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது 80 ப்ளஸ் என்ற முத்திரையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், அது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான முத்திரை, எத்தனை வருடம் உழைக்கும் என்பதற்கு அல்ல. வாரண்ட்டி ஐந்து வருடமாவது இருக்கிறதா, லேபிளில் 12 வோல்ட் வரிசைக்கு எத்தனை ஆம்பியர் போட்டிருக்கிறது என்று பாருங்கள். 450 வாட் என்று பெரிதாகப் போட்டுவிட்டு 12 வோல்ட்டில் 18 ஆம்பியர்தான் என்றால், சிபியுவுக்கும் கார்டுக்கும் கிடைப்பது 216 வாட் மட்டுமே.

கடைக்குக் கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், "க்ராஷ் ஆகுது" என்று மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டு வராதீர்கள். எந்த வகையில் விழுகிறது, எந்தக் குறியீடுகள், எந்த வேலையின்போது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், திரையின் போட்டோவைக் காட்டுங்கள். எந்தப் பாகம் கெட்டது என்று சொல்கிறார்களோ அதை உங்கள் கண்முன்னே மாற்றிப் போட்டு, மெம்டெஸ்ட்டோ லோடு டெஸ்ட்டோ ஓடுவதைக் காட்டச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அது உங்கள் பொருள், வாரண்ட்டி மிச்சம் இருந்தால் அதில் காசும் இருக்கிறது. நல்ல மெக்கானிக் யாரும் இதற்குக் கோபப்படமாட்டார். எங்கள் ஊரிலேயே அப்படி ஒருவரைப் பிறகு கண்டுபிடித்தோம், புது எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டிக் கொடுத்தவர் அவர்தான், லோடு டெஸ்ட் ஒரு மணி நேரம் ஓடி முடிகிறவரை மெஷினைக் கையில் கொடுக்கவில்லை.